அரிவாளுக்கு எந்த ரகரம்?

ஐயா,

தங்கள் நாளிதழில் அறுவடைப் படம் ஒன்றின் கீழ் ‘கருக்கு அறுவாள்’ என்றும், அடுத்த பக்கத்துக் குற்றச் செய்தியில் ‘அரிவாள்’ என்றும் அச்சாகியிருந்தது. இரண்டு இடத்திலும் இடையின ரகரமே வர வேண்டும்.

அறுப்பு, அறுவடை, கதிரறுப்பு என்று வயலில் புழங்கும் சொற்களில் வல்லின றகரம் இருப்பதால் கருவிக்கும் அதுவே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தப் பெயர் ‘அரி’ என்ற வினையைச் சேர்ந்தது. காய் அரிகிறோம். அறுத்த பயிரைக் கைப்பிடி கைப்பிடியாகக் கிடத்தினால் அது அரி. மிஞ்சி நிற்கும் அடிக்கட்டை அரிதாள். நற்றிணையிலும் நெல் அறுப்பவர்கள் ‘வெண்ணெல் அரிநர்’தான். பேச்சில் ‘அருவா’ என்பது வகரத்தை ஒட்டிய இகரம் உகரமாகத் திரிந்ததால் வந்தது. றகரத்துக்கு அது சான்றாகாது. ரகர றகர ஒலியை இன்றும் பிரித்துச் சொல்லும் மலையாளத்தில் ‘அறுக்குக’ என்ற வினையும் இருக்கிறது, கருவியோ அரிவாள். ‘அறிவாள்’ என்று எழுதுவோரும் உண்டு; அவள் எதை அறிவாள் என்றுதான் கேட்க வேண்டும்! தேர்தல் சுவரெழுத்தில் கதிர் அரிவாளைச் சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

கதிர் அறுக்கும் கருக்கு அரிவாளில் கருக்கு என்பது பல். பனைமட்டை ஓரத்தில் இருப்பதற்கும் அதே பெயர். தோய்ச்சல் வைப்பதற்கு, அதாவது இரும்பைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவதற்கு, முன்பே கொல்லர் உளியால் ஒரு பக்கம் மட்டும் நெருக்கமாகப் பல் வெட்டுவார். பல் பிடியை நோக்கிச் சாய்ந்திருப்பதால் இழுக்கும்போதுதான் அறுக்கும். மழுங்கினால் பல்லில்லாத பக்கத்தைத்தான் கல்லில் தீட்ட வேண்டும். பல் பக்கத்தைத் தேய்த்தால் கருக்குப் போய்விடும். பிறகு தாள் நழுவும், வெடுக்கென்று இழுக்க நேரும், முற்றிய கதிர் குலுங்கி மணி உதிரும். அப்படிப் போனதை மறுபடி பட்டறையில் கொடுத்துக் கருக்கு வெட்டுவதைத் தவிர வழியில்லை.

விறகும் மட்டையும் வெட்டுவது வெட்டரிவாள். கொங்குப் பகுதியில் கொடுவாள். அதற்குப் பல் கிடையாது, கனம் அதிகம், ஓங்கித்தான் வெட்ட வேண்டும். குற்றச் செய்திகளில் வருவது பெரும்பாலும் இதுவோ வீச்சரிவாளோதான். அங்கே கதிர் அரிவாள் படத்தைப் போடுவது பொருந்தாது.

சமையல் குறிப்புகளில் வரும் ‘அரிவாள்மனை’யையும் திருத்திவிடுங்கள். உட்காரும் பலகை மணை; மனை என்றால் வீடு. புணர்ச்சி விதிப்படி அரிவாண்மணை என்று வரும், நாளிதழுக்கு அரிவாள்மணை போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்