ஒரே குழம்பு, இரண்டு தட்டு

அங் மோ கியோ,
சிங்கப்பூர்.

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அடுத்த பக்கம்தான் கவலையைக் கொடுத்தது. உன் வீட்டுக்காரருக்கு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.2, கூடவே ரத்த அழுத்தம். உனக்கு ஹீமோகுளோபின் 9.8, எடை 44 கிலோ. அவருக்கு மீனும் கோழியும் வேண்டும், நீ சுத்த சைவம். அவரைச் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், உன்னை நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். அதற்காக மூன்று வாரமாக இரண்டு சமையல் செய்கிறாய்.

முதலில் அதை நிறுத்து. வேலைக்கும் போய்வந்து தினமும் இரண்டு சமையல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. சீக்கிரமே தாப்பாவ் என்று கடையில் கட்டித் தரும் பொட்டலம் வீட்டுக்குள் வந்துவிடும். அதைவிடப் பெரிய கெடுதல், அவருக்குப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு நீ மிச்சம் இருந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

ஒரே சமையல் போதும். பிரிப்பதைக் கடைசிக் கட்டத்தில் வைத்துக்கொள். பானையில் போட்டுவிட்டால் எடுக்க முடியாதவை உப்பு, எண்ணெய், தேங்காய்ப்பால், சர்க்கரை. இவற்றை இருவரில் யாருக்குக் குறைவாக வேண்டுமோ அவர் அளவுக்கே போடு. மற்றவர் தன் தட்டில் சேர்த்துக்கொள்ளட்டும்.

புளிக்குழம்பையே எடுத்துக்கொள். பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு தக்காளி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், பாதி எலுமிச்சை அளவு புளி, அரைத் தேக்கரண்டி உப்பு. புளியின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட்டு, இரண்டு சட்டியில் சரிபாதியாக ஊற்று. ஒன்றில் அவருக்கு 150 கிராம் பாத்தாங் (வஞ்சிரம்) மீன். ஆறேழு நிமிடம் போதும். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றினால் துண்டு உடையாது. மற்றதில் உனக்கு முக்கால் கப் வெந்த கறுப்புக் கொண்டைக்கடலை. கடலையை முன்கூட்டியே நன்றாக வேகவைத்திருக்க வேண்டும். அரைவேக்காட்டில் புளியில் போட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் தோல் இளகாது, புளிப்பு அதை இறுக்கிவிடும். கடலைக்குப் பதில் தவ்குவா (கெட்டி டோஃபு) போடுவதென்றால் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இரு பக்கமும் சிவக்க வைத்துப் போடு. அப்படியே போட்டால் தண்ணீர் விட்டுக் குழம்பு நீர்த்துவிடும். பிரித்த பிறகு மறுபடி உப்புப் போடாதே. சிறிய சட்டியில் குழம்பு சீக்கிரம் சுண்டும், உப்பு தானாகவே தூக்கிக் காட்டும். மீன் சட்டியின் கரண்டியை மட்டும் தனியாக வைத்துக்கொள். உனக்கு அது மனசுக்கு முக்கியம் என்று தெரியும்.

உப்பு விஷயத்தில் ஒரு கணக்கு. ஒரு நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு, 5 கிராம். அப்பளம், ஊறுகாய், சோயா சாஸ் எல்லாம் இதற்குள் அடக்கம். குழம்பில் குறைத்துவிட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலை வைத்தால் குறைத்ததற்கு அர்த்தமே இல்லை.

இனி சோறு. குக்கருடன் வரும் 180 மில்லி கப்பில் ஒரு கப் அரிசி வெந்தால் சுமார் 350 கிராம் சோறு வரும். 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. அவருக்கு 150 கிராம், மிச்சம் உனக்கு. இரண்டு வாரம் மட்டும் தராசில் நிறுத்துப் போடு. பிறகு அந்த அளவு கொள்ளும் ஒரே கிண்ணத்தை அவருக்கென்று வைத்துவிடு. கண்ணளவில் போட்டால் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும். சிவப்பரிசிக்கு மாறுவதென்றால் முதலில் கால் பங்கு கலந்து பழக்கு. அரைமணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கூட்டு. ஒரே நாளில் முழுசாக மாற்றினால் இருவருமே வெறுத்துவிடுவீர்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: சிவப்பரிசி என்று இரண்டு கிண்ணம் போட்டுக்கொண்டால் சர்க்கரை குறையாது.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்தை மருந்தகத்தில் பார்த்திருப்பாய். பாதித் தட்டு காயும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீனோ பருப்போ. நம் சாப்பாட்டில் அது சறுக்கும் இடம் உருளைக்கிழங்குப் பொரியல். அதைக் காய் என்று எண்ணிவிடுகிறோம், அது சோற்றுக் கணக்கில் சேர வேண்டியது. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டும் பாதித் தட்டு ஆகாது. அவர் முதலில் பொரியலையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வரட்டும். அதே சாப்பாடுதான், வரிசை மாறினாலே சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார். சாப்பாட்டுக்கு முன் இருந்ததைவிட மீட்டரில் மூன்று மில்லிமோலுக்கு மேல் ஏறியிருந்தால் அன்றைய தட்டில் என்ன இருந்தது என்று எழுதி வை. எந்தச் சாப்பாடு அவருக்கு ஒத்துவரவில்லை என்பதை அந்த நோட்டே காட்டிவிடும்.

உன் தட்டுக்கு வருவோம். தனிச் சமையல் இல்லாமலே சத்தைக் கூட்டலாம். சோற்றில் இரண்டு தேக்கரண்டி நெய், மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, படுக்கப் போகும்போது ஒரு தம்ளர் பால். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 390 கலோரி. இரும்புச்சத்துக்குக் கீரையை மட்டும் நம்பாதே. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு மீனில் உள்ளதுபோல் எளிதில் உடம்பில் ஒட்டாது. வைட்டமின் சி கூட இருந்தால் ஒட்டும். கொண்டைக்கடலைச் சுண்டலில் எலுமிச்சை பிழி, சாப்பிட்டதும் பாதிக் கொய்யா சாப்பிடு. தேக்கா சந்தையில் வாங்கும்போது காயாக இருப்பதை எடு, மீதிப் பாதி அவருக்கும் ஆகும். தேநீர், காப்பி சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும். இட்லியோடு தே குடிக்கிற பழக்கம் உனக்கு உண்டே, அதைத்தான் சொல்கிறேன். பாலையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதே. மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், 9.8ஐச் சாப்பாடு மட்டும் தூக்கிவிடாது. ரத்தம் ஏன் குறைந்தது என்று மருத்துவர் பார்த்தாரா என்பதையும் கேள்.

கேழ்வரகு பற்றிக் கேட்டிருந்தாய். சர்க்கரைக்காரருக்கு நல்லது என்று கூழாகக் காய்ச்சிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நைசாக அரைத்த மாவைத் தண்ணீராகக் காய்ச்சினால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். உளுந்து சேர்த்து அரைத்து, முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டு. கூழை நீ குடி.

புரட்டாசி வருகிறது. அந்த மாதம் அவரும் சைவத்துக்கு மாறினால் மீன் போன இடத்தில் சோறு ஏறிவிடும், அதுதான் ஆபத்து. மீனுக்குப் பதில் 100 கிராம் தவ்குவா அல்லது தெம்பே (புளிக்கவைத்த சோயா கட்டி) போடு. கொண்டைக்கடலை போட்டால் அதிலும் மாவுச்சத்து உண்டு, வெந்த 100 கிராமில் சுமார் 27 கிராம். அன்றைக்குச் சோறு பாதியாகட்டும். சனிக்கிழமை விரதம் இருக்கப் போகிறாரா? சர்க்கரைக்குக் கிளிக்லசைடு மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறாய். அந்த மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். விரதத்துக்கு முன் மருத்துவரிடம் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று கட்டாயம் கேட்க வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார். உன் கைப்பையிலும் சீனிப் பொட்டலம் இருக்கட்டும்.

வெளியே சாப்பிடும்போது, காப்பிக் கடையில் அவருக்கு 'தே-ஓ கோசோங்', அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர். 'சியூ தாய்' என்றால் இனிப்புக் குறைவு, இல்லாமல் ஆகாது. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் என்ற 'ஏ' முதல் 'டி' வரையிலான தர அடையாளம் வந்துவிட்டது. 'டி' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், பக்கமே போக வேண்டாம். உனக்கு ஓர் எச்சரிக்கை: சைவம்போல் தெரியும் காய்க்கறியிலும் சம்பலிலும் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கலாம், தவ்குவாவும் காயும் போட்ட யோங் தாவ் ஃபூ சூப்பிலும் மீன் இருக்கும். கேட்டுவிட்டு வாங்கு.

இருவருக்கும் பொதுவான ஒன்று வைட்டமின் பி12. அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடமாகச் சாப்பிடுகிறார், அது பி12ஐக் குறைக்கும். நீ சைவம், பாலும் அளவாகத்தான். அடுத்த முறை பலதுறை மருந்தகம் போகும்போது இருவருமே அந்த ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

இன்னொன்று தெரியாமல் நான் மேலே போக முடியாது. அவருடைய சிறுநீரகப் பரிசோதனை என்ன காட்டியது? சிறுநீரில் புரதம் போகிறது என்றால் பருப்பு, தவ்குவா அளவையெல்லாம் வேறு மாதிரி போட வேண்டும். பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடியம்' உப்பை அதுவரை வாங்காதே, ரத்த அழுத்த மாத்திரை சிலவற்றோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறிவிடும். அந்தத் தாளையும் மாத்திரைப் பெயர்களையும் எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரத்துக்குச் சாப்பாட்டு அட்டவணை போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
கோமதி