பலகையை முதலில் கேள்

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பெரியவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இன்றைக்கே எழுத வைத்தது நீ அனுப்பிய அந்த நோட்டீஸ்தான். இரண்டு நாளில் தஞ்சாவூர் ஓவியம், எல்லாப் பொருளும் தருவார்கள், முன் அனுபவம் வேண்டாம். போகலாமா என்று கேட்டிருந்தாய்.

போ. கண் புரை எடுத்த பிறகு உனக்கு இத்தனை தெளிவாகத் தெரிகிறதே, இப்போது போகாமல் எப்போது போவாய்? ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களைக் கூப்பிட்டுச் சிலது கேட்டுக்கொள்.

முதலில் கேட்க வேண்டியது பலகையைப் பற்றி. தஞ்சாவூர்ப் படத்துக்கு அந்தக் காலத்துப் பெயரே பலகைப் படம். பலா மரத்தில் செய்தார்கள், இப்போது பிளைவுட். இரண்டு நாள் வகுப்பில் பலகையைத் தயார் செய்ய நேரமே இல்லை. அதனால் வெள்ளையடித்து, தேய்த்து, வழவழவென்று கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தால், அடுத்த படத்துக்கும் அவர்களிடமே பலகை வாங்க வேண்டும். ஆறே மாதத்தில் ஓரம் உரிந்தால் ஏன் உரிந்தது என்றும் தெரியாது. அரைகுறையாக நிற்கும் ஒரு பலகையையாவது காட்டச் சொல்.

நான் சொல்வதைக் குறித்துக்கொள். 12க்கு 10 அங்குலப் படத்துக்கு 6 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் போதும். இரண்டடிக்கு மேலே போனால் 12 மி.மீ. வேண்டும். மேலே ஒட்டுகிற காடாத்துணியை முதலில் வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்கிவிடு. கஞ்சி இருந்தால் பசை இழைக்குள் இறங்காது, பின்னால் மூலை தூக்குவது அதனால்தான். பலகையைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளித் தள்ளி ஒட்டி, மிச்சத்தைப் பின்பக்கம் மடக்கிவிடு. பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடு. முன்பக்கம் மட்டும் ஈரம் குடித்துக் காய்ந்தால் பலகை வளையும். பழைய ஆட்கள் புளியங்கொட்டைப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். நீ ஃபெவிக்காலிலேயே செய். துத்தம் விஷம், வீட்டில் பேரன் வேறு தவழ்கிறான்.

துணி ஒரு நாள் காயட்டும். பிறகு சாக் பவுடரை மெல்லிய துணியில் சலித்து, நீர் விட்ட பசையில் குழைத்து, மெல்லிசாக நாலு பூச்சு. ஒன்று நெடுக்கே, அடுத்தது குறுக்கே. முந்தினது முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. கனமாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் மேலே காய்ந்து அடியில் ஈரம் நின்று, வெடிப்பு விடும். கடைசியில் உப்புத்தாள், 120 நம்பரில் தொடங்கி 320 நம்பரில் முடி. மூக்கைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் தேய், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. தேய்த்த பிறகு நகத்தால் லேசாகக் கீறிப் பார். பொடி உதிர்ந்தால் பசை போதவில்லை. உப்புத்தாள் வழுக்கி மேல்பரப்பு மினுமினுத்தால் பசை கூடிவிட்டது, அதில் கலர் பிடிக்காது.

சரி, பலகை போகட்டும். என் மனசை அரிக்கிற விஷயம் வேறு.

வரைதல். நோட்டீஸில் வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கவனித்தாயா? கிருஷ்ணன் ஜெராக்ஸ் ஒன்று தருவார்கள், கார்பன் வைத்து டிரேஸ் எடுக்கச் சொல்வார்கள், அரை மணியில் முடிந்துவிடும். பிறகு ஒன்றரை நாளும் கல் ஒட்டுவதும் தங்கம் ஒட்டுவதும்தான். கடைசி ஒரு மணி நேரத்தில் ஆசிரியரே வரிசையாக வந்து எல்லார் படத்துக்கும் முகம் எழுதிக் கொடுத்துவிடுவார். இருபது பேரும் ஒரே முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள். எனக்கு இது நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது கோமதி. பூகோள நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் முகமாக நிரப்பினவள் நீ. உன் படத்தில் வேறொருவர் கண் எழுதுவதா?

அதனால் வகுப்புக்குப் போகும் முன்பே கையைத் தயார் செய்துகொள். இதற்குப் பிரமாதமான கணக்கு நம் சிற்ப சாஸ்திரத்திலேயே இருக்கிறது. முகத்தின் நீளம், முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை, ஒரு தாளம். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் அங்குலம். ஸ்கேல் அங்குலம் இல்லை, அந்த உருவத்தின் அங்குலம். நவதாளத்தில், அதாவது ஒன்பது தாள அளவில், நிற்கிற உருவம் 108 அங்குலம். முகம் 12, கழுத்து 4, கழுத்தடியிலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, அங்கிருந்து அடிவயிறு முடிகிற இடம் 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. கூட்டிப் பார், சரியாக வரும். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், பத்துத் தாளத்தில் பெரிய அளவு, 120-க்கு மேலே நாலு சேர்த்து 124 அங்குலம். பிள்ளையாருக்கும் குழந்தை உருவங்களுக்கும் ஐந்து தாளம். நீ எப்படியும் வெண்ணெய்ப் பானைக்காரனைத்தான் எடுப்பாய், அதனால் ஐந்தைப் பழகு. குழந்தைக் கிருஷ்ணன் பலருக்குக் குட்டையான பெரிய மனிதனாக வந்து நிற்பது ஏன் தெரியுமா? தலையைச் சின்னதாகப் போட்டுவிட்டு உடம்பை மட்டும் குண்டாக்குவதால்தான்.

முகத்துக்குள் மூன்று சம பங்கு. முடியிலிருந்து புருவம் 4, புருவத்திலிருந்து மூக்கு நுனி 4, அங்கிருந்து முகவாய் 4. எல்லாவற்றுக்கும் முன்னால் நடுவே செங்குத்தாக ஒரு கோடு, பிரம்மசூத்திரம். அது இல்லாமல் கண்ணை எழுதினால் ஒரு கண் மேலே ஏறிவிடும். வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பார், கோணல் உடனே தெரியும். பென்சில் ஹெச்.பி. போதும். டிரேஸ்தான் எடுக்க வேண்டும் என்றாலும் நீலக் கார்பன் வேண்டாம். வெளிர் நிறத்துக்கு மேலே அந்த நீலம் கசிந்து வரும். தாளின் பின்பக்கம் பென்சிலைத் தேய்த்து எடு.

அடுத்தது பிரஷ் கோடு. பூஜ்யம் நம்பரும் இரட்டைப் பூஜ்யமும் வாங்கு. கலரை நீர்க்கக் கரைத்து, பிரஷ்ஷின் வயிறு வரை நனைத்து, தட்டின் விளிம்பில் சுழற்றி நுனியைக் கூராக்கு. விரலால் இழுத்தால் கோடு நடுங்கும், முழங்கையிலிருந்து இழு. வளைவுக்குக் கையைத் திருகாதே, பலகையைத் திருப்பு. தினம் கால் மணி பழைய காகிதத்தில் புருவம் மட்டும் இழு. புருவம் ஒரே மூச்சில், மெல்லிசாகத் தொடங்கித் தடித்து மறுபடி மெலிய வேண்டும். தஞ்சாவூர் போகும்போது சரஸ்வதி மகால் காட்சிக்கூடத்தில் பழைய படங்களுக்கு அருகே நின்று கோட்டை மட்டும் பார். தங்கத்தைப் பார்க்காதே. உருவத்தின் வெளிக்கோடு பெரும்பாலும் கருப்பு இல்லை, அடர் பழுப்பு. இப்போது எல்லோரும் கருப்பில் இழுத்து முகத்தைக் கடுமையாக்கிவிடுகிறார்கள்.

மக்கு வேலை, அதாவது சாக் பவுடரைப் பசையில் குழைத்து நகையும் தூணும் புடைப்பாக எழுப்புவது, அது மட்டும் வகுப்பில்தான் கற்க முடியும், அங்கே கண்ணைத் திறந்து வைத்துக்கொள். குச்சியால் எடுத்தால் நூலாக இறங்க வேண்டும், விழுந்த இடத்தில் பரவாமல் குவிந்து நிற்க வேண்டும். அந்தப் பதத்தை எழுத்தில் சொல்லித் தர முடியாது, ஆசிரியர் கிண்ணத்தில் நீயே குச்சியை விட்டுப் பார். கோனில் போட்டு முத்து முத்தாக வைக்கும்போது நுனியைப் பலகையில் படவிடாதே. கொஞ்சம் மேலே பிடித்து அழுத்தி, அழுத்தத்தை விட்டுவிட்டு அப்புறம் தூக்கு. விடாமல் தூக்கினால் ஒவ்வொரு முத்துக்கும் வால் முளைக்கும். வால் முளைத்தால் ஈரத்திலேயே நனைத்த பிரஷ்ஷால் தட்டிவிடு. தூண், சிம்மாசனம் மாதிரி உயரமாக வேண்டிய இடத்தில் ஒரே தடவையில் ஏற்றாதே, காயவிட்டு இரண்டாவது அடுக்கு. ஹேர் டிரையர் வைத்துக் காய வைப்பார்கள். உன் பலகைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு, முடி அளவு விரிசல் விழும், மேலே தங்க ஃபாயில் ஒட்டிய பிறகு அதுதான் பளிச்சென்று தெரியும்.

ஃபாயில் அசல் 22 காரட்டா, பித்தளைத் தகடா என்று நேராகக் கேள். பழக பித்தளை போதும், ஆனால் அது நாளடைவில் கறுக்கும், பூஜை அறையில் மாட்டுகிற படத்துக்கு ஆகாது. ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்து. கோந்து மெல்லிசாக இருக்கட்டும், கூடினால் குழிவுகளில் தேங்கி வேலைப்பாடு மழுங்கிவிடும். காய்ந்த பிரஷ்ஷால் குத்திக் குத்தி இறக்கு. கல்லின் மேல் படிந்ததை முழுக்கக் காய்ந்த பிறகு கத்தி முனையால் கீறி எடு. வெளிச்சம் இடது பக்கத்து ஜன்னலிலிருந்து வரட்டும். நேர் எதிரே விளக்கு இருந்தால் தங்கம் கூசும், உன் கண்ணுக்கு அது வேண்டாம்.

கலரைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. முகத்துக்கு மட்டும் போஸ்டர் கலர் என்றால் கீழ் அடுக்கு கரைந்து வரும், ஈரம் குறைத்துத் தொடு. அக்ரிலிக் கரையாது, ஆனால் வெயில் காலத்தில் தட்டிலேயே காய்ந்துவிடும்.

கேட்க மறந்துவிட்டேனே, அடுத்தடுத்த இரண்டு நாளா, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளா? ஞாயிறுகள் என்றால் யோசிக்கவே வேண்டாம். நடுவில் ஒரு வாரம் மக்கு தானாகக் காயும், நீயும் வீட்டில் கோடு பழகலாம். அடுத்தடுத்த நாள் என்றால் முகத்தை எழுதாமல் விட்டுத் தரச் சொல். மறுத்தால் வேறு இடம் பார்ப்போம். பதிலை உடனே எழுது, அக்காவிடம் சொல்லி அனுப்பாதே, அவள் பாதியை விழுங்கிவிடுவாள்.

அன்புடன்,
சாரதா