ஹரிலால் காந்தியின் படத்துக்குக் கீழுள்ள ஒற்றை வரியைத் திருத்துங்கள்

அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

தங்கள் காட்சிக்கூடத்தில் காந்தியடிகளின் புதல்வர்கள் நால்வரின் படங்களும் வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. மணிலால், ராம்தாஸ், தேவதாஸ் மூவருக்கும் ஆளுக்கொரு பத்தி இருக்க, மூத்தவரான ஹரிலாலுக்கு மட்டும் "தந்தை சொல் கேளாமல் வழிதவறியவர்" என்ற ஒரே வரி. அண்மையில் அங்கு வந்திருந்த பள்ளி மாணவி ஒருத்தி, "இவர் என்ன வேலை பார்த்தார், சார்?" என்று கேட்டதற்கு, தங்கள் வழிகாட்டி "குடித்தார்" என்று சொல்லிச் சிரித்தார், பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேறு பதிலே இல்லையா? 1908 ஜூலையில், இருபது வயது நிரம்பாத ஹரிலால், தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க்கில், அங்குள்ள இந்தியர்களை ஒடுக்கிய சட்டத்தை எதிர்த்துத் தந்தை நடத்திய சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, உரிமமின்றித் தெரு வியாபாரம் செய்து வேண்டுமென்றே கைதானார். நீதிமன்றத்தில் தந்தையே அவருக்காக வழக்குரைஞராக நிற்க, அபராதம் கட்டாமல் ஏழு நாள் கடுங்காவலுக்குப் போனார். சிறை செல்வதும் ஹரிலாலின் கல்வியில் ஒரு பகுதிதான் என்று தந்தை எழுதினார். அதன் பிறகும் பலமுறை சிறை சென்ற மகனோ, இங்கிலாந்து சென்று சட்டம் படிக்க ஆசைப்பட்டார். அது கிடைக்காத மனக்கசப்போடுதான் 1911இல் தந்தையைப் பிரிந்தார்.

பின்னர் கல்கத்தாவில் வணிகரானார். அவர் இயக்குநராக இருந்த ஆல் இந்தியா ஸ்டோர்ஸ் என்ற கம்பெனியில், காந்தி என்ற பெயரை நம்பி ஒருவர் பணம் போட்டார். பணம் போட்டவரின் வழக்கறிஞர் காந்தியடிகளுக்கே புகார் எழுதினார். 1925 ஜூனில் காந்தியடிகள் அக்கடிதத்தைத் தமது 'யங் இந்தியா' வார இதழிலேயே வெளியிட்டு, ஹரிலால் தம் மகன்தான் என்றும், அவருடைய தொழிலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றும், பெரிய பெயர்களை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள் என்றும் எழுதினார். செல்வம் ஈட்டும் தொழிலுக்குத் தாம் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தவில்லை என்ற மனக்குறை மகனுக்கு இருக்கக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தந்தையே ஊரறியச் சொன்னதைத் தாங்கள் யாருக்காக மறைக்கிறீர்கள்?

தலைவரின் பிள்ளை என்றாலே தேர்தலில் இடமும் ஒப்பந்தமும் வீடு தேடி வரும் இக்காலத்தில், பெரிய பெயரை நம்பி முதலீடு செய்யாதீர்கள் என்று மகன் விஷயத்திலேயே அச்சிட்டுச் சொன்ன ஒரு தந்தையைக் காட்டுவது ஒருவேளை சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். அது என் கவலையன்று.

ஹரிலாலின் குடியையோ கடனையோ மூடிவைக்குமாறு நான் கேட்கவில்லை. அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, தம்பியருக்கு உள்ளதுபோல் அவருக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். அதில் 1908ஆம் ஆண்டுச் சிறைவாசமும் 1925ஆம் ஆண்டுக் கட்டுரையும் இடம்பெறட்டும். கட்டுரையின் தமிழாக்கத்தைப் படத்தின் அருகிலேயே வைத்தால் இன்னும் நன்று. அடுத்த பள்ளிக் குழு வருமுன் வழிகாட்டிகளுக்கும் இவற்றைச் சொல்லிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளர்