பாட்டு வகுப்பில் எழுந்து நிற்கட்டும்

ஐயா, எங்கள் ஊர்ப் பள்ளியில் பாட்டு வகுப்பு என்றால் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டீச்சர் பாடியதைத் திருப்பிப் பாடுவதோடு சரி. ஆதி தாளம் போடச் சொன்னால் ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டி வீசுவது இரண்டு முறை என்று கை ஒழுங்காகத்தான் போகிறது; பாட்டு கொஞ்சம் வேகம் பிடித்ததும் கை ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

ஜெனீவா இசைக்கல்லூரியில் பாடம் நடத்திய எமில் ஜாக் டால்குரோஸும் மாணவர்களிடம் இப்படி ஒரு தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான், 1900-களின் தொடக்கத்திலேயே அவர்களைத் தாளத்துக்கு நடக்கவிட்டு, இசை நின்றால் நிற்கவும் வேகம் மாறினால் நடையை மாற்றவும் பழக்கினார். நம்மிடம் கும்மியும் கோலாட்டமும் இருக்கின்றன, ஆனால் ஆண்டு விழாவுக்கு மட்டும்!

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டு டீச்சர் பயிற்சிக்குப் போனால் அங்கே எல்லாப் பாடத்துக்கும் பொதுவான பேச்சுதானாம், அதுவும் நாள் முழுக்க நாற்காலியில். இசை ஆசிரியர்களுக்கென்று தனியாக, அவர்களே எழுந்து நடந்து தட்டிப் பழகுகிற பயிற்சியை இந்தக் கோடை விடுமுறையிலேயே மாவட்டந்தோறும் நடத்தினால் என்ன?

ஒரு மாணவியின் தந்தை,
கும்பகோணம்