செருப்பு வார்

மச்சான்,

உன் பெயரை எழுதவில்லை. நான் மேசன், ஃப்ரீமேசன் சங்கத்து ஆள் என்று ஊருக்கே நான் சொல்லிக்கொள்ளலாம், சங்கத்து ஆளான இன்னொரு பிரதரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. வழக்கம் அப்படி. நீ விலகி பதினாலு வருஷம் ஆகப்போகிறது என்றாலும் வழக்கத்தை உன் விஷயத்தில் மீற மனசு வரவில்லை. உன் வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் அடையாளம் தெரிந்துவிடும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வருஷக் கிறிஸ்துமஸ் டின்னருக்கு சர்க்குலர் வந்துவிட்டது. கீழே செக்ரட்டரி தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: "சிவப்பு உடுப்பு உங்களிடம்தானே?" அந்தக் கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்பு என்னிடம்தான், பரண்மேல் இருக்கிறது. உனக்குப் பிறகு மூன்று பேர் போட்டுப் பார்த்தார்கள். உன் தொப்பைக்கு அளவெடுத்துத் தைத்தது வேறு யாருக்குப் பொருந்தும்?

2011 டின்னர் உனக்கு நினைவிருக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை. எழும்பூர் ஹால், வெளியே தூறல், உள்ளே புழுக்கம். வியர்வையில் தாடி நிற்கவில்லை என்று எதையோ வாங்கி ஒட்டிக்கொண்டு வந்தாய். காலமான பிரதர்களின் மனைவிமார் முன்வரிசையில் இருந்தார்கள். நீ ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, கவரைக் கொடுத்து, பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரித்தாய். ஒரு பாட்டி உன் கன்னத்தைத் தடவியதில் பாதித் தாடி அவர் கையோடு போய்விட்டது. ஒன்பது மணிக்கு, டின்னருக்கு வராத பிரதர்களை நினைத்து கிளாஸைத் தூக்கினோம். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு உன் முகம்தான் வருகிறது. ராஜினாமா செய்தவன் அந்தக் கணக்கில் வருவானா என்று யாரிடமும் கேட்டதில்லை.

அன்று கதவு சாத்தியிருந்தபோது நடந்ததை எழுதமாட்டேன். படித்துக்கொண்டிருக்கும் பிரதர்கள் பதற வேண்டாம்.

நான் எழுத வந்தது இரண்டு நாள் கழித்து உங்கள் கத்தோலிக்கக் கோவிலில் நடந்த நள்ளிரவுப் பூசையைப் பற்றி. உள்ளே இடமில்லாமல் மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பனிக்கு உன் அம்மா சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தார். பசை ஒத்துக்கொள்ளாமல் உன் தாடை இன்னும் சிவந்திருந்தது. நன்மை வாங்க, ஃபாதர் கொடுக்கும் திவ்ய அப்பத்தை வாங்க, வரிசை எழுந்தது. அம்மா எழுந்தார், உன் மனைவி எழுந்தாள், அந்த மே மாதம்தான் முதல்முறையாகப் புது நன்மை வாங்கியிருந்த உன் மகளும் எழுந்தாள். நீ குனிந்தாய். செருப்பு வாரைக் கழற்றினாய், மாட்டினாய், மறுபடி கழற்றினாய். "வாங்கப்பா" என்று குழந்தை உன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ போம்மா, வார் அறுந்துபோச்சு" என்றாய்.

வார் அறுந்திருக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வரிசையில் நீயும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். நான் திருநீறு பூசுகிறவன், உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உன்னைத்தான் உன் அம்மா வரிசையில் நின்றபடியே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நம் சங்கக் கிளையான லாட்ஜில் சேர நீ ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், காமராஜர் சாலையில் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, "எங்க ஃபாதர் ஏதாவது சொல்வாரா மச்சான்?" என்று கேட்டாய். நான் டிஜிபி ஆபீஸைக் காட்டி, "இது 1839-ல நம்ம ஆளுங்க லாட்ஜுக்குக் கட்டினது, 1874-ல போலீஸ் இருபதாயிரம் ரூபாய்க்கு வாங்கினாங்க" என்று பேச்சை மாற்றினேன். நீ விடாமல் மறுபடி கேட்டாய். "அதெல்லாம் பழைய கதை" என்றேன்.

பழைய கதை இல்லை என்று எனக்குத் தெரியும். 1738-ல் ஒரு போப்பாண்டவர் தடை போட்டதில் தொடங்கிய பகை அது. 1917-ல் வந்த திருச்சபைச் சட்டத்தில் மேசன்கள் என்று பெயர் சொல்லியே விலக்கியிருந்தார்கள். 1983-ல் வந்த புதுச் சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டுதான் உன்னிடம் பேசினேன். புதுச் சட்டம் அமலுக்கு வருவதற்கு முதல் நாள், நவம்பர் 26 அன்று, கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்தோடு ரோமிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பெயர் இல்லாவிட்டாலும் தடை அப்படியேதான், சேர்ந்தவர்கள் கனமான பாவத்தில் இருக்கிறார்கள், நன்மை வாங்கக் கூடாது என்று அது சொன்னது. லாட்ஜில் ஒரு பெரியவர் எனக்கு அதைக் காட்டி, "பையனை முதல்ல அவங்க ஃபாதர்கிட்ட பேசச் சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. நான் முன்மொழிந்த முதல் ஆள் நீ. ஓட்டுப் பெட்டியில் எதிர்ப்பைக் காட்டும் ஒரு கறுப்பு உருண்டைகூட விழாமல் நீ உள்ளே வர வேண்டும் என்பதில்தான் என் கவனம் இருந்தது. உள்ளே மதம் பேசக் கூடாது என்ற விதியும் அப்புறம் எனக்கு வசதியாகப் போய்விட்டது. அதே டேபிளில் ரோமுக்குக் கட்டுப்படாத சிஎஸ்ஐ சபைக்காரர்கள் எந்த உறுத்தலும் இல்லாமல் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்க, நீ மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2023 நவம்பரில் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டதற்கு ரோம் மறுபடி அதையே பதிலாகச் சொன்னது. செய்தியைப் படித்ததும் அவர்கள்மேல்தான் கோபம் வந்தது. தர்மத்துக்குக் காசு சேர்த்து, விதவைகளுக்குக் கவர் கொடுத்தவனுக்கு என்ன பாவம்? இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அது உன் கோவில், உன் நன்மை. தெரிந்து முடிவெடுக்க உனக்கு உரிமை இருந்தது, அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்காக எல்லாப் பழியும் எனக்கா? ஃபாரத்தில் போட்டது உன் கையெழுத்து. கீதையும் குர்ஆனும் பக்கத்தில் இருக்க, பைபிளைக் கேட்டு அதன்மேல் கை வைத்தவன் நீ. ஒரு வரியில் ராஜினாமா எழுதி அனுப்பினாய், எனக்கு ஒரு போன்கூடக் கிடையாது. "அவன்தான் இழுத்துட்டுப் போனான்" என்று வெளியே சொன்னதாகக் காதில் விழுந்தது. என் அப்பா போனபோது வாசலில் லாட்ஜ் ஆட்கள் இருபது பேர் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் உன்னைத் தேடினேன் என்பதை இப்போது சொல்லக்கூட எரிச்சலாக இருக்கிறது.

உன் அம்மா விஷயம் ஒன்று இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. நீ போனில் "லாட்ஜுக்கு வந்துடறேன்" என்று சொன்னதைக் கேட்டு அவர் முகம் போன போக்கை வைத்து நாம் எத்தனை நாள் சிரித்தோம்! அந்தப் பூசை முடிந்து, நீ வண்டி எடுக்கப் போனபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, அவன் லாட்ஜுக்குப் போறான், நன்மை வாங்க மாட்டேங்கிறான். எவ அவ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். இன்னொரு பிரதரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே. ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். மேசன் என்றால் என்ன என்று அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் பெண் சமாசாரம் இல்லை என்பது புரிந்திருக்கும். அப்புறம் அவர் அதை உன்னிடம் கேட்டாரா, இல்லை மனசிலேயே வைத்துக்கொண்டு போனாரா தெரியவில்லை. கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு வந்திருந்தேன். உன் கண்ணில் படாத தூரத்தில் நின்று, மண் போடாமல் திரும்பிவிட்டேன்.

உடுப்பைக் கீழே இறக்கி சலவைக்குப் போட்டிருக்கிறேன். இந்த வருஷம் நான்தான் போடுகிறேன் என்று செக்ரட்டரியிடம் சொல்லிவிட்டேன், இடுப்பில் ஒரு தலையணை கட்டிக்கொண்டால் சரியாக இருக்கும். தாடி வேண்டாம்.

மகளுக்கு ஜனவரியில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். பத்திரிகை அனுப்பச் சொல்லவில்லை. கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் ஞாயிறு எது என்று மட்டும் சொல். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.