பட்டையைக் கழற்றுவதற்கு முன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. என் பிக்கப் வண்டியில் கடைசியாக ஒரு சிக்கல் பாக்கி இருந்தது, அதையும் தீர்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் கண் போய்க்கொண்டிருக்கிறது. வெல்டிங் முகமூடிக்குள் படிக்கிற கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு வேலை செய்யும் கோலத்தை நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய். உன் இடுப்புவலி செய்திதான் கவலையாக இருக்கிறது.

நீ கேட்டது இதுதானே: “சக்கரத்துக்கு மேலே எடையைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டையை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு உன்னை மாதிரி நானும் காற்றுப்பை வைத்துக்கொண்டால் இடுப்பு தப்பிக்குமா?” தப்பிக்கும். ஆனால் அந்த ‘கழற்றிப் போட்டுவிட்டு’ என்ற இடத்தில்தான் என் எட்டு மாதம் போயிற்று.

முதலில் உன் இடுப்பை உதைப்பது எது என்று பார்த்துவிடுவோம். வெறும் வண்டி உதைக்கிறது, லோடு ஏற்றினால் படகு மாதிரி போகிறது என்று எழுதியிருக்கிறாய். பட்டையின் விறைப்பு லோடுக்குத் தகுந்தபடி பெரிதாக மாறுவதில்லை, மாறுவது மேலே உட்காரும் எடைதான். பின் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் வெறும் வண்டியில் 280 கிலோ, லோடோடு 630 கிலோ என்று வை. எடை இரண்டேகால் மடங்கு, அதன் வர்க்கமூலம் ஒன்றரை. லோடோடு வினாடிக்கு 1.4 தடவை ஆடுகிற வண்டி, வெறுமையாக இருக்கும்போது 2.1 தடவை ஆடும். முதலாவது தாலாட்டு, இரண்டாவது உதை.

காற்றுப்பை வேலை செய்கிற விதம் வேறு. எடையைத் தாங்குவது அழுத்தமும் பரப்பும் சேர்ந்துதான். பையின் பரப்பு 140 சதுர சென்டிமீட்டர் என்றால், 280 கிலோவுக்கு 28 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) போதும், 630 கிலோவுக்கு 64 வேண்டும். அழுத்தம் ஏற ஏற பையும் விறைக்கிறது, எடைக்கும் விறைப்புக்கும் உள்ள விகிதம் அதிகம் மாறுவதில்லை. அதனால் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி கிட்டத்தட்ட ஒரே தாளத்தில் ஆடுகிறது. பள்ளத்தில் விழுந்து பை நசுங்கும்போது உள்ளே இருக்கிற காற்று இன்னும் அழுந்தி எதிர்த்துத் தள்ளும். ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 1662-இல் எழுதி வைத்த விதி இன்று என் பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவும் எனக்கு முன்னாலேயே தெரியும். பட்டையைப் பற்றித்தான் சரியாகத் தெரியாமல் இருந்தது. நாம் அதை வெறும் ஸ்பிரிங் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பின் அச்சு உள்ளே ஓடுகிற ஹவுசிங்கை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது அது. பக்கவாட்டில் ஓடாமல் பார்ப்பதும் அதுதான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஹவுசிங் தன்னையே சுற்றிக்கொள்ளப் பார்க்கும், அதைத் தடுப்பதும் அதே பட்டை. போதாததற்கு, பட்டையும் பட்டையும் உரசுவதால் ஆட்டம் கொஞ்சம் தானாக அடங்குகிறது. கழற்றி ஓரமாக வைத்த அன்று சாயங்காலம் பார்த்தால், ஜாக்கி மேல் ஹவுசிங் அநாதையாக நிற்கிறது. கையால் தள்ளினால் போகிறது! ரப்பர் பைக்கு எடையைத் தூக்க மட்டும்தான் தெரியும். மற்ற வேலைக்கெல்லாம் ஆள் வைக்க வேண்டும்.

நான் வைத்தது நான்கு ராடு, கூடவே குறுக்கே ஒரு பான்ஹார்டு ராடு. நான்கும் முன்-பின் நகர்வையும் சுழல்வதையும் பார்த்துக்கொள்ளும், குறுக்கு ராடு பக்கவாட்டைப் பார்த்துக்கொள்ளும். குறுக்கு ராடு ஒரு முனையில் வண்டியின் சட்டமான சேசிஸிலும் மறுமுனையில் ஹவுசிங்கிலும் மாட்டியிருப்பதால், வண்டி ஏறி இறங்கும்போது ஹவுசிங் ஒரு வில்வட்டத்தில் பக்கவாட்டாக நகரும். என்னுடையது 90 சென்டிமீட்டர் நீளம். ஓடும் உயரத்தில் அது படுகிடையாக இருந்தால், 10 சென்டிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ நகர்வு அரை சென்டிமீட்டர் சொச்சம்தான். 15 சென்டிமீட்டருக்கு ஒன்றேகாலுக்கு வந்துவிடும். ராடு குட்டையாக இருந்தால் இன்னும் மோசம், டயர் போய் மட்கார்டைத் தேய்க்கும். ‘முடிந்தவரை நீளமாக’ என்று சொல்வது இதனால்தான்.

அப்புறம் பினியன் கோணம், அதாவது ஷாஃப்ட் வந்து மாட்டும் ஹவுசிங் மூக்கின் சாய்வு. கியர்பாக்ஸ் பின்பக்க ஷாஃப்டும் ஹவுசிங் மூக்கும் ஓடும் உயரத்தில் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் முன் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் வளைந்துகொடுக்கிற இணைப்பு) உண்டாக்குகிற ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் சமன் செய்யும். முதல் தடவை நான் இரண்டு டிகிரி தப்பாக வைத்துவிட்டேன். நின்ற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டில் ஒரு வேகத்தைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் தேனீக்கூடு கலைந்த மாதிரி ஓர் அதிர்வு. மேல் ராடுகளின் நீளத்தை அட்ஜஸ்ட் செய்யும்படி வைத்திருந்ததால் பிழைத்தேன், இல்லையென்றால் வெட்டி ஒட்ட வேண்டியிருந்திருக்கும்.

சேசிஸை வெட்டிய கதையைக் கேட்காதே. வண்டியைத் தாழ்த்தினால் ஹவுசிங் மேலே வந்து சேசிஸில் இடிக்கும், அதற்கு இடம் விட சேசிஸின் அடிப்பக்கத்தில் பிறை மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, போன பலத்தைக் கனமான தகடு வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டேன், பேட்டரியையும் கம்ப்யூட்டர் கனெக்டரையும் பிடுங்கிவிட்டேன், டீசல் டேங்கை இறக்கி வெளியே வைத்துவிட்டேன். எல்லாம் செய்தும், கட்டிங் சக்கரம் இரும்பில் இறங்கியபோது கை நடுங்கியது. ஓடிக்கொண்டிருந்த வண்டியின் முதுகெலும்பு அல்லவா!

ஒரு நல்ல காரியம் செய்தேன். ராடுகளை முதலில் புள்ளி வெல்டு மட்டும் போட்டு நிறுத்திவிட்டு, பை இல்லாமலே ஹவுசிங்கை ஜாக்கியில் மேல் எல்லை வரை தூக்கி, கீழ் எல்லை வரை இறக்கிப் பார்த்தேன். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாஃப்ட் எங்காவது இடிக்கிறதா, ஷாக் அப்சார்பர் முழுதாக மடிவதற்கு முன் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் முட்டு தாங்குகிறதா என்று எல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிட்டது. இந்த எல்லைகளைக் காக்கும் வேலையைப் பைக்குக் கொடுத்துவிடக் கூடாது. அளவுக்கு மேல் இழுபட்டால் ரப்பர் பிய்ந்துவிடும்.

ஆனாலும் ஒன்று தப்பிவிட்டது. காற்று நிரம்பியதும் பை பக்கவாட்டில் பருக்கும். சுற்றிலும் ஓர் அங்குலம் இடம் விட வேண்டும் என்று தெரியும், விட்டேன். போல்ட்டை மாட்டும்போது அதன் வால் பைப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அடியில் படுத்துப் பார்த்தால் ரப்பரில் நகத்தால் கீறிய மாதிரி ஒரு கோடு. போல்ட்டைத் திருப்பித் தலைப்பக்கத்தை உள்ளே வைத்தேன். வேலை பத்து நிமிஷம், ஆனால் புதுப் பை ஒன்று போயிற்று.

இனி காற்று விஷயம். கம்ப்ரசர், டேங்க், வால்வுகள், குழாய், அவ்வளவுதான். கம்ப்ரசர் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் வரை இழுக்கிறது, அதனால் ரிலே இல்லாமல் ஸ்விட்சில் நேராகக் கொடுக்காதே. ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வை. டேங்கின் அடியில் வடிகால் திருகு கட்டாயம் இருக்க வேண்டும். அழுத்திய காற்று குளிர்ந்தால் தண்ணீர் விடும், அது வால்வுக்குள் போனால் துரு. நான்கு மூலைக்கும் தனித்தனி வால்வு வைத்தேன். செலவு மிச்சம் என்று பின்பக்கம் இரண்டு பையையும் ஒரே குழாயில் கோத்துவிட்டால், வளைவில் அழுந்துகிற பையிலிருந்து காற்று எதிர்ப்பக்கத்துக்கு ஓடிவிடும். வண்டி சாய்கிற பக்கமே இன்னும் சாயும்.

குழாய் இணைப்பில் நான் செய்த முட்டாள்தனம், மரையில் டெஃப்லான் டேப் சுற்றியது. தண்ணீர்க் குழாயில் சுற்றிய பழக்கம். அதிலிருந்து ஒரு நூல் பிய்ந்து வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வால்வு மூடியும் மூடாமலும் நின்றதில், காலையில் வந்து பார்த்தால் இடது பின் மூலை தரையில் படுத்திருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, திரவ சீலன்ட் போட்டு மாட்டினேன். நைலான் குழாயை நேராக, பிசிறில்லாமல் வெட்டு. கத்தரிக்கோலால் வெட்டினால் வாய் நசுங்கிக் கசியும்.

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. சாயங்காலம் டேங்க் முள் 150 பி.எஸ்.ஐ. விடியற்காலையில் 142. சோப்புத் தண்ணீர் பூசிப் பூசிப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் வெயில் ஏறியதும் பார்த்தால், முள் மறுபடி 150-இல் நிற்கிறது. கம்ப்ரசர் ஓடவே இல்லை! பகலில் 30 டிகிரி, விடியலில் 15. காற்று குளிர்ந்தால் அழுத்தம் அந்த அளவு இறங்கத்தான் செய்யும். இல்லாத கசிவைத் தேடியிருக்கிறேன்.

கசிவுப் பயம் எனக்கு மட்டும் வந்ததில்லை. காடிலாக் 1957-இல் எல்டராடோ பிரோம் காரை நான்கு சக்கரத்துக்கும் காற்றுப்பை வைத்து விற்றது. காற்று நிற்காமல் போய், வாங்கியவர்களில் பலர் அதைப் பிடுங்கிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு ரப்பரும் வால்வும் எவ்வளவோ மேல், ஆனாலும் ராத்திரி ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. காற்றில் நிற்கிற வண்டிக்கு அடியில் மட்டும் நுழையவே நுழையாதே. சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

கடைசிச் சிக்கல் என்று சொன்னேனே, அது பிரேக். பழைய பிக்கப்பில் பின் ஹவுசிங்குக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போய் ஒரு வால்வில் மாட்டியிருக்கும், பார்த்திருப்பாய். வண்டி தாழ்ந்தால் லோடு இருக்கிறது என்று எண்ணி அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிகம் அனுப்பும், உயர்ந்தால் குறைக்கும். இப்போது என் வண்டியின் உயரத்துக்கும் லோடுக்கும் சம்பந்தமே இல்லை. வெறும் வண்டியைத் தாழ்த்தி ஓட்டியதில், மழை நாளில் லேசாக மிதித்ததும் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஒரு பக்கம் போனது. நல்லவேளை, ரோட்டில் வேறு வண்டி இல்லை. இப்போது ஓடும் உயரத்தை ஒன்றாகவே வைத்து, அதற்குத் தகுந்தபடி கம்பியை அளந்து மாட்டி, வெறும் வண்டியிலும் லோடிலும் பிரேக்கைச் சோதித்துவிட்டேன். தாழ்த்துவது நிறுத்தி வைக்கும்போது மட்டும்தான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ முழுசாக மாற்றாதே. எனக்கு வண்டி தரையில் படுத்து நிற்கும் அழகு வேண்டும், அதற்காக எட்டு மாதம் கொடுத்தேன். உனக்கு வேண்டியது இடுப்பு. முதலில் செலவில்லாத வேலை: லோடுக்கு அடிக்கிற டயர்க் காற்றோடுதானே வெறும் வண்டியையும் ஓட்டுகிறாய்? வெறும் வண்டிக்கு என்று கம்பெனி குறித்திருக்கிற அளவுக்கு இறக்கிப் பார். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பார். அதற்கும் அடங்காவிட்டால், பட்டைக் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, ஹவுசிங்குக்கும் சேசிஸுக்கும் இடையே பக்கத்துக்கு ஒரு சின்ன உதவிப் பை வைக்கலாம். மெயின் பட்டையைத் தொடாதே, ஹவுசிங்கைப் பிடித்திருப்பது அதுதான். வெறும் வண்டியில் பையில் 5 முதல் 10 பி.எஸ்.ஐ. இருக்கட்டும், காலியாக விட்டால் ரப்பர் மடிந்து கிழியும். லோடு ஏற்றும்போது வண்டி பழைய உயரத்துக்கு வரும் வரை அடி. நடுவழியில் பை வெடித்தாலும் மிச்சப் பட்டை வீடு வரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அதனால் ஒன்றுக்கு மேல் எடுக்காதே. பை இருக்கிறதே என்று லோடை மட்டும் கூட்டிவிடாதே. அச்சும் டயரும் பிரேக்கும் பழையதுதான், பட்டை குறைந்ததற்கு லோடையும் கொஞ்சம் குறைத்தே ஏற்று.

ஹவுசிங் மேல்பக்கத்திலிருந்து சேசிஸ் அடி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுது. வெறும் வண்டியில் ஒரு தடவை, முழு லோடில் ஒரு தடவை. சைலன்சர் குழாய் எவ்வளவு பக்கத்தில் போகிறது என்பதும் வேண்டும், சூடு பட்டால் ரப்பர் தாங்காது. கம்ப்ரசர் வாங்கிவிடாதே. நான் முதலில் வாங்கிய சின்னது ஒன்று ஷெட்டில் சும்மா கிடக்கிறது. நான்கு பைக்குத்தான் அது திணறியது, உன் இரண்டுக்குத் தாராளமாகப் போதும்.

உன் பழைய கூட்டாளி