அபராதக் கடிதத்தோடு எங்கள் உரிமைகளையும் எழுதி அனுப்புங்கள்

எங்கள் வீட்டு உரிமையாளர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் அனுப்பிய அபராதக் கடிதம் பற்றி எழுதுகிறேன். எந்த வீட்டுக்கு என்பது உங்களுக்குத் தெரியும். இதன் ஆங்கிலப் படியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். நாளை இதே கடிதம் வரக்கூடிய மற்ற தமிழ்க் குடும்பங்களும் படிக்கட்டும் என்றே தமிழில் எழுதுகிறேன்.

கடிதம் வந்த வீட்டு அம்மா எழுபதைக் கடந்தவர். கணவர் போனபின் தனியாக இருக்கிறார். இரவு பத்து மணிக்கு எங்கள் கதவைத் தட்டினார். ஒரு கையில் உங்கள் கடிதம், மறு கையில் காசோலைப் புத்தகம். "இதைக் கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வார்களா தம்பி?" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தன் கொல்லைப்புறத்தில் கொடி கட்டித் துணி உலர்த்தியதற்கு 250 டாலர் அபராதம், கட்டத் தவறினால் வீட்டின் மீது வில்லங்கம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கலிஃபோர்னியாவில் 2016 முதல், உரிமையாளரின் தனிப் பயன்பாட்டிலுள்ள கொல்லையில் துணிக்கொடி கட்டுவதைச் சங்கம் அடியோடு தடுக்க முடியாது. நியாயமான கட்டுப்பாடு மட்டுமே விதிக்கலாம். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடில்லாத மீறலுக்கு, 2025 நடுவில் வந்த திருத்தத்தின்படி, அபராதம் 100 டாலரைத் தாண்டக் கூடாது. அதையும் விதிக்குமுன் குறைந்தது 10 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, குழுக் கூட்டத்தில் அவரைப் பேசவிட வேண்டும். இத்தகைய அபராதப் பாக்கிக்காக, நீதிமன்றம் போகாமல் வீட்டை ஏலம் விடவும் முடியாது. இவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. உங்களுக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞருக்கு எங்கள் சந்தாவிலிருந்துதான் கட்டணம் போகிறது. அந்த அம்மாவுக்குத்தான் தெரியாது. உங்கள் கடிதத்தில் அவருடைய உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆண்டுதோறும் கொள்கை அறிக்கை அனுப்புகிறோமே என்பீர்கள். சட்ட ஆங்கிலத்தில் வரும் அந்தத் தடித்த காகிதக் கட்டை, வேலைக்குப் போகும் நானே முழுதாகப் படித்ததில்லை. அவர் எப்படிப் படிப்பார்? நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். ஒவ்வொரு அபராதக் கடிதத்தோடும், விசாரணை எப்போது, எங்கே முறையிடலாம், கட்டணமின்றிப் பேசித் தீர்க்கக் கேட்டால் சங்கம் மறுக்க முடியாது என்பதை எளிய மொழியில் எழுதி இணையுங்கள்.

எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் நீச்சல் குளத்துக்கு ஆன செலவைக் கேட்டு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. கணக்கைப் பார்ப்பதும் எங்கள் உரிமைதான். கொடிக்கயிறு மட்டும் உங்கள் கண்ணில் உடனே படுகிறது! மன்னியுங்கள், அதைத் தனியாக எழுதுகிறேன்.

அந்த அபராதத்தைத் திரும்பப் பெறும்படி பணிவுடன் கேட்கிறேன். அந்த ஒரு பக்கத்தை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். அம்மா வருவார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
அதே தெருவில் வசிக்கும் ஓர் உறுப்பினர்